குமுளியில் நிற்கிற கார்

கார் வாங்கி ஒன்பது நாள் ஆகியும் கிங்ஸ்லி பஸ்ஸில்தான் போய்க்கொண்டிருந்தான். அதுவும் அந்தக் காரைப் பார்ப்பதற்காக.

கார் குமுளியில் நின்றது. எல்லை கேட்டைத் தாண்டி மேட்டில் ஏறி நடந்தால் பத்து நிமிடத்தில் ஜாய்ஸ் டீச்சர் வீடு. அந்த வீட்டு போர்ட்டிகோவில் பச்சைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். முழுப் பணமும் கொடுத்தாகிவிட்டது. சாவி கிங்ஸ்லியின் சட்டைப் பையில் இருந்தது. வண்டியைத்தான் மலையை விட்டு இறக்க முடியவில்லை.

"என்.ஓ.சி. வாங்காமக் கீழ கொண்டாந்துறாதீகண்ணே," என்று செல்லப்பாண்டி சொல்லியிருந்தான். அவன் உத்தமபாளையம் ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எதிரே ஃபாரம் விற்று, அதைப் பூர்த்தியும் செய்து கொடுக்கிறவன். "கேரளாக்காரவுக இந்த வண்டி எங்க கணக்குலருந்து போகுது, எங்களுக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுக்கணும். அதுக்குப் பெறகு நாம வரியக் கட்டி, நம்ம நம்பரு வாங்கணும். பேப்பரு வராம வண்டி இங்கன வந்து நின்னா, வரிக்கு நாள் எண்ண ஆரம்பிச்சிருவாக. அது பாட்டுக்கு அங்கனயே நிக்கட்டும்."

எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு, எல்லாம் ஆன்லைன்தான், பத்து நாள் என்றான். அது மே மாதக் கடைசி.

கிங்ஸ்லிக்குச் சின்னமனூரில் பஸ் ஸ்டாண்டுக்கு அடுத்த தெருவில் ஜெராக்ஸ் கடை. ஊரில் பாதிப் பேருடைய ஆதார் கார்டும் ரேஷன் கார்டும் அவன் கை வழியாகப் போனவைதான். எந்த விண்ணப்பத்துக்கு எத்தனை நகல், எதில் யார் கையெழுத்து என்று வருகிறவர்களுக்கு அவனே சொல்லி அனுப்புவான். ஒரு காரின் பேப்பரைத் தன்னால் மாற்ற முடியாதா என்ற தைரியம் அதனால் வந்தது. தேனியில் அதே மாதிரி வண்டிக்குச் சொன்ன விலையைவிடக் குமுளியில் எழுபதாயிரம் குறைவு. தைரியமும் எழுபதாயிரமும் சேர்ந்துகொண்டால் நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதன் என்ன செய்வான்? வாங்கிவிட்டான்.

கார் அவன் மனைவி ஜெபஷீலாவுக்காக. அவள் பதினோரு வருஷமாகக் குமுளியில் ஒரு ஏலக்காய் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். காலை ஏழு மணி பஸ்ஸில் ஏறினால் உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் என்று நின்று நின்று, மலை வளைவுகளில் முக்கி ஏறி, எட்டே முக்காலுக்கு அங்கே இறக்கிவிடும். சாயங்காலமும் அதே பாடு. வீட்டுக்கு வர எட்டு மணி ஆகிவிடும்.

ஏப்ரலில் ஒரு நாள் அவள் வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து, "முதுகு விட்டுப் போச்சுங்க," என்றாள். குறையாகச் சொல்லவில்லை. பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவளோடு அந்த பஸ்ஸில் தான் போனதில்லை என்பது கிங்ஸ்லிக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் பஸ் ஏறுகிற நேரத்தில் அவன் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருப்பான்.

கார் வாங்கினால் காலையில் அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பத்து மணிக்குக் கடை திறந்துவிடலாம் என்று திட்டம் போட்டான். பெட்ரோலுக்கு என்ன ஆகும் என்ற கணக்கை மட்டும் போடவில்லை. அதைப் போட்டிருந்தால் எழுபதாயிரம் மிச்சம் என்கிற சந்தோஷம் போயிருக்கும்.

ஜாய்ஸ் டீச்சர் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். எழுபது வயது. கிங்ஸ்லியை முதல் நாளிலிருந்தே மோனே என்றுதான் கூப்பிட்டார். வண்டி அவருடைய மகன் பேரில் இருந்தது. மகன் அயர்லாந்தில் நர்ஸ். லீவில் வந்தபோது எல்லா ஃபாரத்திலும் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தான். அதனால் ஒரு சிக்கலும் இல்லை என்று டீச்சரும் நம்பினார், கிங்ஸ்லியும் நம்பினான்.

கடைத்தெருவில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் அபிதா என்ற பெண் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தாள். கடைசியில் ஓ.டி.பி. கேட்டது. வண்டி யார் பேரில் இருக்கிறதோ அவருடைய பழைய போன் நம்பருக்கு அது போகும். பழைய நம்பரின் சிம் எங்கே என்று டீச்சர் இரண்டு நாள் தேடினார். மகனுடைய பள்ளிக்கூடச் சான்றிதழ்களுக்கு அடியில், ஒரு பட்டன் போனுக்குள் அது இருந்தது. போனில் சார்ஜ் இல்லை. அந்த மாதிரி சார்ஜர் குமுளியில் கிடைக்கவில்லை. கிங்ஸ்லி கீழே வந்து கம்பத்தில் வாங்கிக்கொண்டு மறுபடியும் மேலே போனான். சார்ஜ் ஏறியது. பணம் கட்டாமல் கிடந்ததில் சிம் செத்துப் போயிருந்தது.

நம்பரை மாற்றிவிட்டால் போச்சு என்றாள் அபிதா. நம்பரை மாற்ற வேண்டும் என்று விண்ணப்பித்தார்கள். அதற்கு ஓ.டி.பி. பழைய நம்பருக்குப் போகும் என்று திரையில் வந்தது.

"சாரமில்ல மோனே," என்றார் டீச்சர். போனால் போகிறது என்று அர்த்தம். அதற்குப் பின் வந்த மூன்றரை மாதத்தில் அந்த ஒரு வார்த்தையை அவர் எத்தனை முறை சொன்னார் என்பதற்குக் கணக்கில்லை.

அயர்லாந்திலிருந்து மகன் யார் யாரிடமோ பேசி, அதே நம்பரில் புது சிம் வாங்க ஏற்பாடு செய்தான். ஜூன் மாதம் முழுக்க அதற்குப் போனது. கிங்ஸ்லி வாரத்துக்கு மூன்று நாள் குமுளிக்குப் போனான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேர்க்கிற மாதம் அது. ஜெராக்ஸ் கடைக்காரர்களுக்கு வருஷத்தில் அந்த ஒரு மாதம்தான் அறுவடை. ஷட்டர் மூடிக் கிடந்ததைப் பார்த்த ஜனங்கள் எதிர்த்த வரிசையில் பவானி என்பவள் புதிதாகத் திறந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனார்கள். திரும்பி வரவில்லை.

போவதுதான் போகிறோம் என்று ஷீலாவோடு ஏழு மணி பஸ்ஸிலேயே போனான். முதல் நாள் இருவருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. கரன்ட் பில், கோயம்புத்தூரில் படிக்கிற மகள் ஷெரினுக்குக் கட்ட வேண்டிய ஹாஸ்டல் பணம் என்று உத்தமபாளையம் வருவதற்குள் பேசித் தீர்த்துவிட்டார்கள். அதற்கப்புறம் அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். அவன் டிரைவர் முதுகைப் பார்த்தான்.

மூன்றாவது நாள் அவள், "அந்தா பாருங்க," என்று கூடலூர் தாண்டி ஒரு திராட்சைத் தோட்டத்தைக் காட்டினாள். பந்தலுக்கு அடியில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பதினோரு வருஷமாகத் தினம் எட்டு மணிக்கு அதே இடத்தில் அதே ஆளாம். ஒரு நாள் அவரைக் காணவில்லையென்றால் அன்றைக்கு முழுவதும் கணக்கு தப்பாகவே வருமாம். கிங்ஸ்லி சிரித்துவிட்டான். கண்டக்டர் ஒச்சாண்டி திரும்பிப் பார்த்து, "என்னக்கா, பேப்பர்காரர அண்ணனுக்கும் காட்டிட்டீகளா," என்று கேட்டான்.

அதிலிருந்து பேச்சு வந்துவிட்டது. லோயர் கேம்ப்பில் மலையிலிருந்து மின்நிலையத்துக்கு இறங்குகிற பெரிய குழாய்களைப் பார்த்ததும் அவள் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் சொல்வாள். வளைவுகள் தொடங்குகிற இடம் அது. இட்லியைக் கம்பத்தில் பிரித்தால்தான் குமுளிக்குள் முடிக்க முடியும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியவந்தது. குமுளியில் இறங்கியதும், எல்லைக்கு இந்தப் பக்கமே இருந்த மாடி ஆபீஸுக்கு அவள் போவாள். அவன் கேட்டைக் கடந்து கேரளாவுக்குள் நடப்பான்.

ஜூலை முதல் வாரம் சிம் உயிர் பெற்றது. ஆனால் டீச்சர் வீட்டில் அதற்கு டவர் கிடைக்கவில்லை. சென்டருக்குக் கொண்டுபோனால் டவர் கிடைத்தது, ஓ.டி.பி. மட்டும் நேரம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தது. மூன்று முறை தப்பானதும் இனி நாளைக்குத்தான் என்று வெப்சைட் கதவைச் சாத்திக்கொண்டது. நாளைக்கு என்பதற்கு இன்னொரு பஸ், இன்னொரு நாள் கடை அடைப்பு. நான்காவது நாள், அபிதா சென்டரில் உட்கார்ந்திருக்க, கிங்ஸ்லி பட்டன் போனைத் தலைக்கு மேல் பிடித்தபடி ரோட்டுக்கு அந்தப் பக்கம் டவர் நன்றாகக் கிடைத்த ஒரு பலாமரத்தடியில் நின்று, ஆறு எண்களையும் சத்தமாகப் படித்தான். நடுவில் ஒரு ஜீப் போனதால் நான்காவது எண் கேட்கவில்லை. மறுபடியும் படித்தான். விண்ணப்பம் ஏறிவிட்டது. போகிற வருகிறவர்கள் அவனை லாட்டரி அடித்தவன் என்று நினைத்தார்கள்.

இரண்டு நாளில் பதில் வந்தது. புகைச் சான்று காலாவதியாகிவிட்டது, புதிதாக எடுத்து இணைக்கவும்.

அது ஒன்றும் பெரிய வேலையில்லை. நான்கு கிலோமீட்டரில் புகை பரிசோதிக்கிற இடம் இருந்தது. கிங்ஸ்லி தார்ப்பாயை எடுத்து, முதன்முறையாகத் தன்னுடைய காரைத் தானே ஓட்டிப் போனான். காலை வெயில், இரண்டு பக்கமும் தேயிலை. ஒன்றரை மாதத்தில் அவன் அனுபவித்த ஒரே இருபது நிமிடம் அது. சர்ச்சில் பாடுகிற பாட்டொன்று தானாக வாயில் வந்தது. சான்று கிடைத்தது. அபிதா அதை ஏற்றினாள். மறு வாரம் பதில் வந்தது: வண்டி மேல் அபராதம் பாக்கி இருப்பதால் என்.ஓ.சி. தர இயலாது.

டீச்சர் ஒரு நாளும் அபராதம் கட்டியதில்லை என்று சத்தியம் செய்தார். அபிதா அபராதத்தைத் திறந்து பார்த்தாள். ரோட்டோரக் கேமரா எடுத்த போட்டோ திரையில் வந்தது. சீட் பெல்ட் போடாமல் ஒரு ஆள், வாயை அகலத் திறந்து பாடிக்கொண்டு வருகிறான்.

"நல்ல போட்டோ, மோனே," என்றார் டீச்சர். "இத்தர சந்தோஷமா உன்னைய ஞான் பார்த்ததே இல்ல."

ஐநூறு ரூபாய் கட்டினான். கட்டியது கணக்கில் ஏற ஒரு வாரம் ஆனது.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் ஷீலா சீக்கிரமாகவே வந்துவிட்டாள். ஆறரை மணிதான் இருக்கும். ஏலக்காய் வரத்துக் குறைவு, அதனால் விட்டுவிட்டார்கள் என்றாள். காபி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும்."

"நானும் சொல்லணும்," என்றான் கிங்ஸ்லி. அவன் மடியில் ஒரு நோட்டு விரிந்திருந்தது. அன்று வரைக்கும் காருக்கு ஆன செலவு, பஸ் செலவு, சார்ஜர், சிம், அபராதம் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டிருந்தான். "எழுபதாயிரத்துல பதினோராயிரம் போயிருச்சு. போகட்டும். இன்னும் பத்தே நாள். அதுக்கப்பறம் நீ அந்த பஸ்ஸுல ஏறவே வேணாம் ஷீலா. முதுகு வலின்னு ஒண்ணு இருக்காது. அத மட்டும் நெனைச்சுத்தான் ஓடிக்கிட்டு இருக்கேன்."

அவள் அவனைப் பார்த்தாள். நெற்றியில் வேர்வை, கண்ணுக்குக் கீழே கருப்பு.

நீ என்ன சொல்ல வந்தாய் என்று அவன் கேட்டான்.

"ஒண்ணுமில்ல. நாளைக்குத் தக்காளிச் சட்னி வைக்கவா, தேங்காய்ச் சட்னி வைக்கவா?"

ஆகஸ்ட் முதல் வாரம் என்.ஓ.சி. வந்தேவிட்டது. கிங்ஸ்லி அதைத் தன் கடையிலேயே பத்து நகல் எடுத்தான். ஒன்றை லேமினேஷன்கூடச் செய்தான். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு செல்லப்பாண்டியிடம் போனான். செல்லப்பாண்டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தான்.

"தேனின்னு யாருண்ணே போடச் சொன்னது?"

கிங்ஸ்லிதான் சொன்னான். எந்த ஆபீஸுக்கு மாற்ற வேண்டும் என்று அபிதா கேட்டபோது, மாவட்டம் தேனி, அதனால் தேனி என்று யோசிக்காமல் சொன்னான். கடைக்கு வருகிறவர்கள் இப்படிச் செய்தால் பொறுமையாகத் திட்டி அனுப்புகிறவன் அவன்.

"நம்ம ஊரு இந்த உத்தமபாளையம் ஆபீஸ்ல வருது. அந்தப் பேருல வந்த பேப்பர இவுக வாங்க மாட்டாக. இதக் கேன்சல் பண்ணிட்டுப் புதுசா வாங்கிட்டு வந்துருங்க. அங்கன ஊர்ப் பேரு ஒண்ண மாத்துனாப் போதும்."

ஊர்ப் பேர் ஒன்றை மாற்ற ஓ.டி.பி. தேவைப்பட்டது. பட்டன் போன், பலாமரம், ஆறு எண். அந்த வாரம் மழை. குடையை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றவனைப் பார்த்துக் கேட்டில் நின்ற போலீஸ்காரரே விசாரித்தார். அவருக்கும் முழுக் கதையைச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆச்சரியம் என்னவென்றால், வீட்டில் இதையெல்லாம் சொன்னால் ஷீலாவுக்குக் கோபம் வரவில்லை. கடை வியாபாரம் பாதியாகிவிட்டது, மிச்சம் என்று நினைத்த பணம் கரைந்துகொண்டிருந்தது. வேறு பெண்ணாக இருந்தால் காரை மலையிலிருந்து உருட்டிவிடச் சொல்லியிருப்பாள். இவளோ, "மெதுவா ஆகட்டுங்க. என்ன அவசரம்?" என்றாள். குமுளிக்குப் போக வேண்டிய நாளென்றால் முந்தின நாளே மாவரைத்து வைத்தாள். ஒரு நாள் கிங்ஸ்லி சோர்ந்துபோய், இன்றைக்கு நான் வரவில்லை, வராமலே இருந்தாலும் ஒன்றும் ஆகாது என்று படுத்துக்கொண்டான். அவள் அவனை எழுப்பி, சட்டை எடுத்துக் கொடுத்து, கூட்டிக்கொண்டு போனாள். குமுளியில் இறங்கிய பிறகும் உடனே ஆபீஸுக்குப் போகவில்லை. நீங்க போங்க என்று சொல்லிவிட்டு பஸ் பக்கத்திலேயே நின்றாள். கேட்டைத் தாண்டிப் போய் அவன் திரும்பிப் பார்த்தபோதும் நின்றுகொண்டிருந்தாள். கையைக் காட்டினாள்.

இன்னொரு நாள் சர்வர் வேலை செய்யவில்லை. மதியம் வரைக்கும் உட்கார்ந்திருந்தவன், ஷீலாவுக்கு போன் போட்டு, சேர்ந்து சாப்பிடலாமா, ஆபீஸுக்கு வரட்டுமா என்று கேட்டான். அவள் ஸ்டாக் எடுக்கிறோம், வெளியில் தலைகாட்ட முடியாது என்று சொல்லிவிட்டாள். அவன் தனியாகப் பரோட்டா சாப்பிட்டான். பாவம், இவளுக்கு எவ்வளவு வேலை என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டாவது என்.ஓ.சி. ஆகஸ்ட் கடைசியில் வந்தது. இந்த முறை சரியான ஆபீஸ். செல்லப்பாண்டி படித்துப் பார்த்து, வண்டியை இறக்கலாம் என்று அனுமதி கொடுத்தான். கூடவே, வாங்கும்போது ஷோரூமில் கொடுத்த பில் இருக்கிறதல்லவா என்றும் கேட்டான்.

"அதப் பாத்துத்தாண்ணே வரி போடுவாக. பில்லுல உள்ள வெலைக்கு, வண்டிக்கு எத்தன வயசுன்னு பாத்துக் கழிச்சுப் போடுவாக. பில்லு இல்லையின்னா இன்னைக்கு என்ன வெலைன்னு கேப்பாக. இன்னைக்கு வெலை உங்களுக்கே தெரியும்."

பில் இல்லை. ஏழு வருஷத்துக்கு முந்தைய பில்லை டீச்சரும் பார்த்ததில்லை, மகனும் பார்த்ததில்லை. கோட்டயத்தில் இருந்த ஷோரூமுக்குக் கிங்ஸ்லி எழுதினான், போன் செய்தான், கடைசியில் ஒரு நாள் நேராகவே போனான். போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம். அங்கே ஒரு பெண் கம்ப்யூட்டரில் இரண்டு தட்டுத் தட்டி, அரை நிமிடத்தில் நகலை எடுத்துக் கொடுத்தாள். எவ்வளவு என்று கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்றாள். அத்தனை மாதத்தில் சுலபமாக முடிந்த அந்த ஒரு காரியத்தைக் கண்டு கிங்ஸ்லிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பில்லில் இருக்கிற பேரையும் எஞ்சின் நம்பரையும் வெளியில் நின்று ஐந்து முறை சரிபார்த்தான்.

காரை இறக்குகிற நாளில் குமுளி மலைச்சாலையில் ஏதோ வேலை நடந்து வண்டிகள் வரிசையாக நின்றன. கம்பம்மெட்டு என்கிற இன்னொரு மலைப்பாதை வழியாகச் சுற்றிப் போகச் சொன்னார்கள். டீச்சர் ஒரு பை நிறைய மிளகும், போகிற வழியில் தின்ன வாழைக்காய் சிப்ஸும் கொடுத்து, காரின் மேல் கைவைத்து ஜெபம் பண்ணினார். சீட் பெல்ட்டை அவரே மாட்டிவிட்டார். கிங்ஸ்லி இருபது கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினான். எஸ்டேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த எட்டு ஜீப்புகள் அவனுக்குப் பின்னால் ஊர்வலமாக வந்தன. ஹாரன் அடித்து ஓய்ந்து, கடைசியில் அவர்களும் விதியென்று விட்டுவிட்டார்கள். கம்பத்தில் இறங்கி வண்டியை ஓரங்கட்டியபோது அவன் கைவிரல்கள் ஸ்டியரிங்கிலிருந்து பிரிய மறுத்தன.

வரி ஐம்பதாயிரத்துச் சொச்சம் வந்தது. கேரளாவில் முன்பு கட்டிய வரியில் மீதியைத் திருப்பித் தருவார்களாம். ஆனால் அது வண்டியின் பழைய சொந்தக்காரருக்குத்தான் போகுமாம். அதற்குத் தனி விண்ணப்பம், அதற்கும் ஓ.டி.பி. உண்டு. கிங்ஸ்லி அந்தப் பணத்தை அயர்லாந்து மகனே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டான். மடியில் வைத்துக் கூட்டிய நோட்டில் கடைசி வரியைப் போட்டுப் பார்த்தபோது, தேனியில் வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவைவிட நாலாயிரத்து இருநூறு ரூபாய் அதிகமாக ஆகியிருந்தது. கடை வியாபாரம் போனது அதில் சேராது. நோட்டை மூடிப் பழைய பேப்பரோடு போட்டுவிட்டான்.

செப்டம்பர் நடுவில், ஒரு வெள்ளிக்கிழமை, வண்டிக்கு நம்ம ஊர் நம்பர் கிடைத்தது. பிளேட் மாட்டி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். தெருவில் நாலு பேர் வந்து பார்த்தார்கள். நல்லகண்ணு வாத்தியார் டயரைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு நல்லாயிருக்கு என்றார். ஷீலா ஒரு எலுமிச்சம்பழ நிறச் சேலையில் வெளியே வந்து, காரைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். சீட்டைத் தடவிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"உனக்குத்தான்," என்றான் கிங்ஸ்லி. படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "திங்கக்கிழமையிலருந்து நீ ராணி மாதிரி போகலாம்."

அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏதோ சொல்லப் போகிறவள் போல வாயைத் திறந்தாள். பிறகு அவன் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த கிரீஸை நகத்தால் சுரண்டியபடி, "பஸ்ஸுல போனதும் நல்லாத்தான் இருந்துச்சு," என்று மட்டும் சொன்னாள்.

அவள் அவனைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று கிங்ஸ்லி எடுத்துக்கொண்டான்.

மறுநாள் சனிக்கிழமை அவளுக்கு லீவு. அவள் எழுந்திருக்கும் முன்பே கிங்ஸ்லி ஒரு டப்பா லட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தான். இத்தனை நாள் இடம் பிடித்து வைத்து, சில்லறைக்கு மல்லுக்கட்டாமல், மழை நாளில் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டு அவர்களைக் கவனித்துக்கொண்ட கண்டக்டர் ஒச்சாண்டிக்குச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. ஏழு மணி பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஒச்சாண்டி படியில் நின்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

கிங்ஸ்லி டப்பாவைத் திறந்து நீட்டினான். கார் வந்த விஷயத்தைச் சொன்னான். நம்பரைச் சொன்னான். ஒச்சாண்டி சந்தோஷப்பட்டு ஒரு லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, டிரைவருக்கும் ஒன்று எடுத்துக்கொண்டான்.

"இனிமே அக்காவ உங்க பஸ்ஸுல பாக்க முடியாது ஒச்சாண்டி. முதுகு வலியோட அம்புட்டு தூரம் வந்துக்கிட்டு இருந்தா. திங்கக்கிழமையிலருந்து குமுளிக்கு நானே கார்ல கொண்டுபோய் விட்டுருவேன்."

ஒச்சாண்டி லட்டு மெல்வதை நிறுத்தினான்.

"குமுளிக்கு எதுக்குண்ணே?" என்றான். "அக்காவ கம்பம் ஆபீஸுக்கு மாத்தித்தான் ரெண்டு மாசமாச்சே. நீங்க வர்ற அன்னைக்கு மட்டுந்தான் குமுளி வரைக்கும் வருவாக. உங்களை அங்கன இறக்கி விட்டுட்டு, இதே பஸ்ஸுல கம்பத்துக்குத் திரும்பிருவாக."